வெள்ளை பட்டனே போட்டுக்கோங்கக்கா

சென்னையில எந்த டெய்லர்கிட்ட போனாலும் கடைசியில இந்த வசனம் வந்துடும். "வெள்ளை பட்டனே போட்டுக்கோங்கக்கா, நல்லாத்தான் இருக்கும்."

நல்லா இருக்காது!

அரக்கு கலர் காட்டன் குர்த்தா. கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும் வரிசையா பட்டன். அதுல வெள்ளையைத் தைச்சா எதிர்ல வர்றவங்களுக்கு முதல்ல பட்டன் தெரியும், அப்புறம்தான் நான் தெரிவேன்.

மேட்சிங்கா வாங்கிக்கலாம்னு பாண்டி பஜார் போனேன். லைனிங் துணிக்கு சிவப்புல மட்டுமே ஒரு அலமாரி நிறைய ஷேட் வச்சிருக்காங்க. ஃபால்ஸுக்கும் அப்படித்தான். பட்டனுக்கு? சிவப்பு இருக்கு. மெரூன் இருக்கு. முடிஞ்சது.

"அரக்கு இல்லையாண்ணே?"

"மெரூன் இருக்கேம்மா."

"அது மெரூன். எனக்கு அரக்கு வேணும்."

"தைச்சா ஒண்ணாத்தான் தெரியும்."

தெரியாது!! (புடவைக்கு பிளவுஸ் பிட்டு எடுக்க கடை கடையா ஏறி இறங்குற ஊர் இது. பட்டன்னு வந்தா மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிடறாங்க?)

தி.நகர் சந்துகள்ல டையிங் கடைக்காரங்க இருக்காங்க இல்ல, துப்பட்டாவை நம்ம கண்ணு முன்னாடியே கலர் மாத்திக் குடுப்பாங்களே, அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. ஒரு அடுப்பு, ஒரு அலுமினிய குண்டான், சுத்தி டப்பா டப்பாவா பவுடர். சாம்பிள் துணியை ஒரு பார்வை பாப்பாங்க. ஒரு கிள்ளு இது, அரை கிள்ளு அது, கொதிக்கிற தண்ணியில ஒரு கலக்கு. தராசு கிடையாது, ஸ்பூன்கூட கிடையாது. ஆனா கலர் கரெக்டா வந்து நிக்கும்.

அப்படி ஒருத்தர்கிட்ட பட்டனை நீட்டினேன். ஏற இறங்கப் பாத்தார்.

"துணி குடும்மா, போட்டுத் தரேன். பட்டன்லாம் இந்தச் சாயம் புடிக்காது."

ஏன் புடிக்காது? இந்தக் கேள்வி அப்படியே என்கூட ஆட்டோவுல ஏறி கிண்டி வரைக்கும் வந்துடுச்சு.

இந்த மாதிரி சந்தேகம் வர்றதுக்கு கிண்டியை விடப் பொருத்தமான ஏரியா இருக்கான்னு தெரியல. தொழிற்பேட்டை 1958-லேர்ந்து இருக்கு. அதுக்குள்ளயே சிப்பெட், 1968-ல ஆரம்பிச்சது, பிளாஸ்டிக்குக்குன்னே மத்திய அரசு வச்சிருக்கிற காலேஜ். (இப்ப பேர்ல பிளாஸ்டிக்கை எடுத்துட்டு பெட்ரோகெமிக்கல்னு போட்டுட்டாங்க. ஆட்டோக்காரருக்கு எப்பவும் சிப்பெட்தான்.) அந்தப் பக்கம் போனா துணிப் படிப்பு இருக்கிற ஏ.சி.டெக், 1944. இன்னும் கொஞ்சம் அடையாறு பக்கம் போனா தோல் ஆராய்ச்சி நிலையம், 1948. பிளாஸ்டிக், துணி, தோல், மூணுக்கும் படிச்சவங்க ஒரே ரோட்டுல டீ குடிக்கிறாங்க. நடுவுல நான், கையில பட்டன் பாக்கெட்டோட.

சரி, விஷயத்துக்கு வரேன்.

"பிளாஸ்டிக் பட்டன்"னு கடையில குடுக்கிறாங்களே, அது ஒரே பொருள் கிடையாது. நைலான் இருக்கு, பாலியெஸ்டர் இருக்கு, ஏ.பி.எஸ்., அக்ரிலிக், யூரியான்னு ஒரு பட்டாளமே இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை மூஞ்சி. பாக்கெட் மேல எதுவும் எழுதியிருக்காது. கடைக்காரர்கிட்ட கேட்டா "ஃபேன்சி"ன்னு சொல்லுவார். பாலியெஸ்டர்தான் இப்போ சட்டை பட்டன்ல ராஜா. நைலான் கொஞ்சம் வழவழன்னு, லேசா பால் மாதிரி ஒளி ஊடுருவற மாதிரி இருக்கும். யூரியா இஸ்திரி சூட்டுக்கெல்லாம் அசராது, சாயத்துக்கும் அசராது, அதை விட்டுடுங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குப் புடிச்ச வழி உப்புத்தண்ணி. ஒரு டம்ளர் தண்ணியில கல்லுப்பைக் கரைச்சுக்கிட்டே போங்க, இனிமே கரையாதுன்னு அடியில தங்குற வரைக்கும். அந்தத் தண்ணி சாதா தண்ணியை விட அஞ்சுல ஒரு பங்கு கனம் ஜாஸ்தி. நைலான் அதுல மிதக்கும். ஏ.பி.எஸ்., அக்ரிலிக்கும் மிதக்கும்தான். ஆனா சிப்பி பட்டன் (இது பிளாஸ்டிக்கே இல்ல, அசல் சிப்பியை வெட்டினது) போட்ட வேகத்துல அடியில போய் உக்காந்துடும். (ஓட்டையில காத்துக்குமிழி ஒட்டிக்கிட்டு இருந்தா முழுகுறதுகூட மிதக்குற மாதிரி நடிக்கும். ஸ்பூனால தட்டி விட்டுப் பாருங்க.)

மிதக்குறதுல எது நைலான்னு தெரியணும்னா ஒரு பட்டனைத் தியாகம் பண்ணணும். ஊசியைச் சூடு பண்ணி பின்பக்கம் வச்சு இழுத்தா நைலான் நூல் மாதிரி இழுபட்டு வரும். பாலியெஸ்டர் பட்டன் அப்படி உருகாது, கருகி ஒரு நாத்தம் அடிக்கும். சிப்பிக்கு ஒண்ணுமே ஆகாது. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு செய்யுங்க.

சிப்பியை கன்னத்துல வச்சாலே போதும்னு டெய்லர் அண்ணன் சொன்னார். ஜில்லுனு இருக்கும். உண்மைதான். ஆனா ஏசி கடையில எல்லா பட்டனும் ஜில்லுனுதான் இருக்கு.

இப்போ நைலான். வீட்டுல சாயம் போடுறவங்களுக்கு இதைவிட நல்ல பிள்ளை கிடையாது.

காரணம் இதுதான். நைலான், பட்டு, கம்பளி, தோல், எல்லாத்துக்குள்ளயும் ஒரே மாதிரி ஒரு பிடிமானம் இருக்கு. கொஞ்சம் புளிப்பான தண்ணியில போட்டா அந்த இடங்கள்ல பாசிட்டிவ் சார்ஜ் வந்துடும். ஆசிட் சாயத்தோட துகளுக்கு நெகட்டிவ் சார்ஜ். ரெண்டும் போய் ஒட்டிக்கும். ஆசிட்னதும் பயப்படாதீங்க, வினிகர் போதும். துப்பட்டா அண்ணன் அன்னைக்கு வச்சிருந்தது காட்டன் சாயம். அது வேற ஜாதி, அதுக்கு நைலான்ல வேலை இல்ல. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஆக வாங்க வேண்டியது பட்டுக்குப் போடுற சாயப்பவுடர். காஞ்சிபுரத்து தறிக்கு நூல் முக்குற அதே வகை. பட்டுல ஏறுறது நைலான்ல ஏறும். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டுல யாரும் பகிர்ந்துக்கல. அம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அந்தக் குண்டானை இனிமே என் அடுப்படிப் பக்கம் கொண்டாராத."

அம்மா சொன்னதுதான் சட்டம், அதை எல்லாரும் எழுதி ஒட்டிக்கோங்க. சாயத்துக்குன்னு ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரம், ஒரு ஸ்பூன், ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி. திரும்பவும் சமையலுக்கு அது வரவே கூடாது. கையில கிளவுஸ். பவுடரைக் கரைக்கும்போது ஃபேனை நிறுத்துங்க. (நிறுத்தலைன்னா என்ன ஆகும்னு எங்க வீட்டு சுவர் சொல்லும்.)

செய்முறை பெருசா ஒண்ணும் இல்ல. பட்டனை முதல்ல பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போட்டு வெந்நீர்ல கழுவணும், புதுசுல ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அரை லிட்டர் தண்ணிக்கு கால் டீஸ்பூன் பவுடர்கூட அதிகம்தான். ரெண்டு ஸ்பூன் வினிகர். தளதளன்னு கொதிக்க வேண்டாம், ஓரத்துல முத்து முத்தா குமிழி வர்ற சூடு போதும். அரை மணி நேரம். அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு அதே தண்ணியில ஆற விடணும்.

முக்கியமான விஷயம் நூல். பட்டனை சும்மா உள்ள போட்டா அடியில படுத்துக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்தா, மேல இருந்த பட்டனோட வட்டம் கீழ இருக்கிறது மேல பிறை மாதிரி வெளுப்பா விழும். அதனால ஒரு நூல்ல கோத்துடுங்க, ஒவ்வொரு பட்டனுக்கு நடுவுலயும் ஒரு முடிச்சு. அப்பப்ப தூக்கி துணிப் பிட்டோட வச்சுப் பாக்கவும் வசதி. பூ கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை.

அப்புறம் தண்ணி. இதை எந்த வெளிநாட்டு வீடியோவுலயும் சொல்ல மாட்டேங்கிறாங்க, ஏன்னா அவங்க வீட்டுல போர் கிடையாது. எங்க அபார்ட்மெண்ட் போர் தண்ணி பக்கெட்ல வெள்ளையா படியற ரகம். அதுல போட்ட தடவை கலர் மங்கி, அங்கங்க புள்ளி. மெட்ரோ வாட்டர்ல போட்டதும் பளிச். உப்புத்தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சாயத்தைத் திரிய வச்சிடும். அதனாலதான் சாயப்பட்டறைக்காரங்க தண்ணியை மென்மையாக்கிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க. லாரித் தண்ணியில போடுறதா இருந்தா முதல்ல ஒரே ஒரு பட்டனை விட்டுப் பாருங்க.

நைலான் அரக்கு வந்துடுச்சா? வந்துடுச்சு. சிவப்பு மட்டும் போட்டா ரோஸாப்பூ சிவப்புலயே நிக்குது. கொஞ்சம் ப்ரவுன், ஊசிமுனை அளவு நீலம். நீலம் ஒரு துளி கூடினாலும் மெரூன் ஆயிடும். (பாண்டி பஜார் அண்ணன் சிரிக்கிறது எனக்குக் கேக்குது.)

பாலியெஸ்டர் வேற கதை. அதுக்குள்ள அந்த சார்ஜ் விளையாட்டு எதுவும் நடக்காது. டிஸ்பர்ஸ் சாயம்னு ஒண்ணு வேணும். அது தண்ணியிலயே சரியா கரையாது, பொடியா மிதந்துக்கிட்டு இருக்கும். சூடு ஏற ஏற பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள கொஞ்சம் நெகிழும், தண்ணி புடிக்காத இந்தச் சாயம் அந்த இடுக்குல போய் தங்கிடும். ஆறினதும் கதவு மூடிடும். அதனாலதான் வினிகர் எவ்வளவு ஊத்தினாலும் பாலியெஸ்டர்ல பட்டுச்சாயம் பிங்க் கறையா மட்டும் நிக்குது.

திருப்பூர்ல இதுக்குன்னே யூனிட்டுங்க இருக்கு. டி.டி.எம். பட்டன்னு கேட்டுப் பாருங்க, எக்ஸ்போர்ட் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். துணிப் பிட்டை அனுப்பினா வெள்ளை பட்டனை அந்த ஷேடுக்கே சாயம் போட்டுக் குடுப்பாங்க. அமெரிக்காக்காரன் சட்டைக்கு நம்ம ஊர்ல பட்டன் மேட்ச் ஆகுது, என் குர்த்தாவுக்கு மட்டும் "மெரூன் இருக்கேம்மா"!

பாலியெஸ்டர் துணிக்கு சாயம் போடும்போது 130 டிகிரி வரைக்கும் சூடு ஏத்துவாங்க, மூடின மிஷின்ல. பட்டனுக்கு அவ்வளவு வேண்டாம், நல்லா கொதிக்கிற தண்ணியே கலர் ஏத்திடும், கருநீலம், கறுப்பு மாதிரி அழுத்தமான ஷேடுக்குத்தான் பொறுமை வேணும். 130-ன்னு படிச்சதும் உங்க மனசு எங்க போகும்னு எனக்குத் தெரியும். என் மனசும் அங்கதான் போச்சு. குக்கர்! மூணு விசில்!

வேண்டவே வேண்டாம். சாயம் வால்வுல போய் அடைக்கும், ஆவியில ஏறி அடுப்படி முழுக்கப் பரவும். அதுக்கு மேல, அம்மா.

இன்னொரு தொல்லை. கொதிக்கிற தண்ணியில சில மலிவு பட்டன் அப்பளம் மாதிரி வளைஞ்சுடுது. பளபளன்னு முத்து கோட்டிங் அடிச்சது தோல் உரியுது. அதனால எதுவா இருந்தாலும் முதல்ல ஒத்தை பட்டன். வாங்கும்போதே ரெண்டு மூணு கூட வாங்கி வச்சுக்கோங்க.

இப்போ சிப்பி பட்டன். இதுக்காகத்தான் இந்தப் பதிவே எழுத உக்காந்தேன்.

பழைய சட்டையிலேர்ந்து வெட்டி வச்ச நாலு ஓட்டை சிப்பி பட்டன் எங்க வீட்டு பிஸ்கட் டின்ல இருந்துச்சு. (எல்லார் வீட்டுலயும் அந்த டின் இருக்கும். பிஸ்கட் மட்டும் இருக்காது.) இந்தியாவுல சிப்பி பட்டனுக்குப் பேர் போன ஊர் பீகார்ல இருக்கிற மெஹ்சி. கிழக்கு சம்பாரண் மாவட்டம். புலாவன் லால்ங்கிறவர் 1905-ல அங்க ஆரம்பிச்சு வச்சது, ஆத்துல கிடைக்கிற சிப்பியை வெட்டி. கடல் சிப்பி இல்ல, ஆத்துச் சிப்பி! அதே மாதிரி அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்தங்கரையில மஸ்கட்டீன்னு ஒரு ஊர். 1891-ல ஜான் போப்லேன்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தொழில் ஆரம்பிச்சார், கொஞ்ச வருஷத்துல அந்த ஊரே உலகத்துக்கு பட்டன் அனுப்புற ஊர் ஆயிடுச்சு. அப்புறம் பிளாஸ்டிக் வந்து ரெண்டு ஊரையும் ஒரு தட்டு தட்டிடுச்சு.

சிப்பின்னா என்ன? பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நம்ம கோலமாவுக் கல்லு, கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடறதுக்கு முன்னாடி எப்படி இருக்குமோ, அந்தக் குடும்பம். மெல்லிசு மெல்லிசா அடுக்கி வச்சிருக்கும், நடுவுல ஒட்டுறதுக்குக் கொஞ்சூண்டு புரதம். அந்த அடுக்குகள்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு கலக்குறதுதான் அந்த வானவில் மினுக்கு.

இதுமேல ஒரு சொட்டு வினிகர் விடுங்க. பாலீஷ் இல்லாத பின்பக்கத்துல. மெல்ல நுரைக்கும்! அசல் சிப்பிதானான்னு தெரிஞ்சுக்க அருமையான டெஸ்ட், ஆனா அந்த நுரை உங்க பட்டன் கரையற நுரை. அதாவது, நைலானுக்கு எது உயிரோ அதுவே சிப்பிக்கு எமன். புளிப்பும் கொதியும் சேர்ந்தா மினுக்கு போய், சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கலா ஆயிடும். "எந்த பட்டனா இருந்தாலும் வினிகர் போட்டுக் கொதிக்க விடுங்க"ன்னு ஒரு வீடியோவுல சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. அந்த அம்மா சிப்பி பட்டனைப் பாத்ததே இல்லன்னு அடிச்சுச் சொல்லுவேன்.

சிப்பிக்கு வெதுவெதுப்பான தண்ணி, வினிகர் கிடையாது, அவசரமும் கிடையாது. சாயம் பிடிக்கப் போறது அந்தக் கொஞ்சூண்டு புரதமும் அடுக்கு இடுக்கும்தான், அதனால எவ்வளவு ஊறினாலும் இளம் கலர்தான். அரக்கு கேட்டா ரோஸ் குடுக்கும். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு மாதிரி. பின்பக்கம் சொரசொரப்பா இருக்கிற இடத்துல அழுத்தமா ஏறும், முன்பக்கம் தயங்கும். இதுல ஒரே ஷேடு வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறவங்க நைலானுக்கே போயிடுங்க. கறுப்பு சிப்பிக்கு அந்தக் காலத்துலேர்ந்து சில்வர் நைட்ரேட்டுனு ஒரு வழி உண்டு. அது கையையும் கறுப்பாக்கும், கண்ணுக்கும் ஆபத்து. வீட்டுல வேண்டாம்.

ஆனா சிப்பிக்குன்னே பொறந்த ஒரு சாயம் நம்ம அடுப்படியில தினம் காலையில இறங்குது. ஃபில்டர் காபி டிகாஷன்!

ஆறின டிகாஷன், ராத்திரி பூரா. காலையில எடுத்துப் பாத்தா சந்தனமும் இல்லாத தேனும் இல்லாத ஒரு நிறம், மினுக்கு அப்படியே இருக்கு. காபியிலயும் லேசா புளிப்பு உண்டு, அதனால சூடு பண்ணாதீங்க, நாள் கணக்குல ஊற விடாதீங்க. டீயும் போட்டுப் பாத்தேன், கொஞ்சம் செம்மை ஜாஸ்தி. வெள்ளைக் காட்டன் சட்டையில அந்த காபி பட்டனைத் தைச்சப்போ, காஜா கடைத் தம்பி ஊசியை நிறுத்திட்டு "இது எங்கக்கா வாங்கினீங்க?"ன்னு கேட்டான். "கும்பகோணம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். (சட்டை கொஞ்ச நாளைக்கு காபி வாசனை அடிக்கும். எனக்கு அது புகாரா தெரியல.)

மஞ்சளும் பாத்தேன். அழகா ஏறுது. ஆனா மஞ்சள் காரத்துல பட்டா சிவக்கும், சுண்ணாம்பு சேத்து ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். துணி சோப்பும் காரம். முதல் துவைப்புல பட்டன் வெத்தலை போட்டுக்கிச்சு. வெயில்ல காயப் போட்டா மிச்சமும் வெளுத்துடும். ஒரு நாள் கூத்துக்கு ஓகே.

எந்தச் சாயமா இருந்தாலும் தைக்கிறதுக்கு முன்னாடி ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ங்க. துணியில கலர் வந்தா இன்னொரு தடவை வெந்நீர்ல கழுவுங்க. நம்ம ஊருக்கு இந்த விஷயத்துல ஒரு வரலாறே இருக்கு. 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க வியாபாரி, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்கிட்ட (பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே, அவரேதான்) மெட்ராஸ் கட்டம் போட்ட துணி வாங்கிட்டுப் போனார். பச்சைத்தண்ணியில பதமா அலசணும்னு நாயர் சொல்லித்தான் அனுப்பினாராம், அந்தச் சேதி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரல. வாங்கினவங்க மிஷின்ல போட்டாங்க, சாயம் எல்லாம் கலந்து ஓடிடுச்சு. ஒரே ரகளை. கடைசியில விளம்பரக்காரங்க கையில எடுத்து, சாயம் போறதுதான் இந்தத் துணியோட விசேஷம், கேரண்டின்னு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுவும் அமோகமா வித்துச்சு! என் குர்த்தாவுக்கு அந்தக் கேரண்டி வேண்டாம்.

கலரையும் வெயில்ல வச்சுப் பாருங்க. எல்.இ.டி. வெளிச்சத்துல அச்சு அசலா பொருந்தின ஒரு பட்டன் பால்கனிக்கு வந்ததும் தனியா முழிச்சுது. ரெண்டு வேற சாயக்கலவை ஒரு வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியும், இன்னொண்ணுல காட்டிக் குடுத்துடும். கார்மெண்ட் கம்பெனிங்கள்ல இதுக்குன்னே விதவிதமான விளக்கு வச்ச பெட்டி ஒண்ணு இருக்கும். நமக்கு மொட்டை மாடி. சாயங்காலம் வேண்டாம், அப்போ எல்லாமே அரக்காத்தான் தெரியும்.

சாயத்தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க. பவுடர் கொஞ்சமா போட்டு, தண்ணி வெளுக்கிற வரைக்கும் அடுத்த பட்டன் பேட்சை அதுலயே முக்கி எடுத்தா கொட்ட வேண்டியதும் குறையும், இளம் ஷேடும் இலவசமா கிடைக்கும். எங்க வீட்டுல இப்போ அரக்குல ஆரம்பிச்சு பேபி பிங்க் வரைக்கும் ஒரு வரிசையே இருக்கு.

பட்டுச்சாயம் சின்னப் பொட்டலமா கிடைச்சுடுது. டிஸ்பர்ஸ் சாயம்தான் இழுத்தடிக்குது. நான் விசாரிச்ச கடையில ஒரு கிலோவுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்னுட்டாங்க. பாரிமுனை பக்கம் ஐம்பது கிராம், நூறு கிராம்னு நிறுத்துக் குடுக்கிற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, கறுப்பும் கருநீலமும் வேணும். ஒரு கிலோ வாங்கினா கத்திப்பாரா தாண்டி எல்லார் சட்டை பட்டனுக்கும் நானே சாயம் போட வேண்டியிருக்கும்.